கிரகணத்தன்று சூரியனுக்கு ஒன்றும் நேர்வதில்லை

சூரிய கிரகணம் வரும் வாரத்தில் இரண்டு வகைப் பேச்சு கிளம்பும். அன்றைக்குச் சூரியனிலிருந்து விஷக்கதிர் இறங்கும், வெளியே வராதே, சாப்பிடாதே, கர்ப்பிணிகள் சன்னலைக்கூடத் திறக்கக் கூடாது என்பது ஒன்று. எல்லாம் மூடநம்பிக்கை, ஒன்றும் ஆகாது, தைரியமாக நிமிர்ந்து பார் என்பது இன்னொன்று. முதலாவது பயத்தில் பிறந்தது. இரண்டாவது அந்தப் பயத்தின் மேல் வந்த எரிச்சலில் பிறந்தது. இரண்டுமே தவறு. சொல்லப்போனால் இரண்டாவதுதான் உடனடியாக ஆபத்தானது. வெறுங்கண்ணால் கிரகணத்தைப் பார்த்துப் பார்வையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இரண்டு பேச்சுக்கும் அடியில் இருக்கும் குழப்பம் ஒன்றுதான்: கிரகணம் என்றால் சூரியனில் ஏதோ மாறுகிறது என்ற எண்ணம். கிரகண நேரத்திலும் சூரியன் முந்தின நாள் எரிந்த மாதிரியேதான் எரிகிறது. சந்திரனும் எப்போதும் போலத் தன் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் நிழல் பூமியின் ஒரு பகுதியைத் தொட்டுவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். நிழலுக்குள் நிற்பவருக்குக் கிரகணம். அதே நிமிடத்தில் நிழலுக்கு வெளியே, வேறொரு நாட்டில் நிற்பவருக்கு அது சாதாரணப் பகல்.

## நிழலுக்குள் இரண்டு நிழல்

கூரையில் பொருத்திய வட்டமான எல்இடி விளக்கு ஒன்றின் கீழே தரையில் வெள்ளைத் தாளை விரியுங்கள். தாளுக்குச் சற்று மேலே ஒரு நாணயத்தைப் பிடியுங்கள். நிழலின் நடுவில் அடர்ந்த கறுப்பு வட்டம் தெரியும், அதைச் சுற்றி மங்கலான ஓரம் இருக்கும். ஒளி ஒரே புள்ளியிலிருந்து வராமல் அகலமான விளக்கிலிருந்து வருவதால்தான் இந்த இரண்டு பகுதிகள் உண்டாகின்றன. கறுப்பு வட்டத்தில் ஓர் எறும்பு நின்று மேலே பார்த்தால் விளக்கு முழுவதும் மறைந்திருக்கும். மங்கலான ஓரத்தில் நிற்கும் எறும்புக்கு விளக்கின் ஒரு பக்கம் மட்டும் மறைந்திருக்கும், மறு பக்கம் தெரியும்.

இப்போது நாணயத்தை மெல்ல மேலே தூக்குங்கள். விளக்கு நாணயத்தைவிடப் பெரியது என்பதால் கறுப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து ஓர் உயரத்தில் காணாமல் போகும். தாளில் மங்கலான திட்டு மட்டும் மிஞ்சும். அதன் நடுவில் நிற்கும் எறும்புக்கு நாணயம் விளக்கை முழுதாக மறைக்கப் போதவில்லை. நாணயத்தைச் சுற்றி விளக்கின் விளிம்பு ஒளி வளையமாகத் தெரியும்.

விளக்கின் இடத்தில் சூரியனையும் நாணயத்தின் இடத்தில் சந்திரனையும் தாளின் இடத்தில் பூமியையும் வைத்தால் சூரிய கிரகணம் கிடைத்துவிடும். எறும்பு நாம். சூரியன் முழுதாக மறையும் அடர்ந்த பகுதிக்குக் கருநிழல் என்று பெயர். ஓரளவு மட்டும் மறையும் மங்கலான பகுதிக்குப் புறநிழல் என்று பெயர். கருநிழலுக்குள் இருப்பவர் காண்பது முழு சூரிய கிரகணம். புறநிழலில் இருப்பவர் காண்பது பகுதி கிரகணம். கருநிழலின் நுனி தரையைத் தொடாமல் வானிலேயே முடிந்துபோனால், அதற்கு நேர் கீழே இருப்பவர் காண்பது வளைய கிரகணம். கங்கண கிரகணம் என்றும் சொல்வார்கள்.

## நானூறு மடங்கு

சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர், சந்திரனின் விட்டம் 3,474 கிலோமீட்டர். அதாவது சூரியன் சுமார் 400 மடங்கு அகலமானது. அவ்வளவு பெரியதை இவ்வளவு சிறியது எப்படி மறைக்கிறது? தூரம்தான் காரணம். சந்திரன் நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில். இதுவும் கிட்டத்தட்ட 390 மடங்கு. பருமனில் உள்ள வித்தியாசத்தைத் தூரம் ஏறக்குறையச் சரிக்கட்டிவிடுகிறது. அதனால் வானத்தில் இரண்டுமே அரை டிகிரி அகலமுள்ள வட்டங்களாகத் தெரிகின்றன.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை. தற்செயல்தான். அந்தத் தற்செயலும் நிரந்தரமில்லை. அப்பல்லோ விண்வெளி வீரர்கள் சந்திரனில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்ததில், சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் விலகிப் போவது தெரிந்தது. இன்னும் சுமார் 60 கோடி ஆண்டுகள் கழிந்தால் அது சூரியனை முழுதாக மறைக்க முடியாத தூரத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு முழு கிரகணம் என்ற ஒன்றே இருக்காது.

சந்திரனின் பாதை சற்றே நீள்வட்டம் என்பதால் அதன் தூரம் ஏறத்தாழ 3,56,000 கிலோமீட்டரிலிருந்து 4,06,000 கிலோமீட்டர் வரை மாறிக்கொண்டே இருக்கிறது. கருநிழலின் நீளமோ சுமார் 3,75,000 கிலோமீட்டர்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். சந்திரன் கிட்டே இருக்கும்போது கிரகணம் நேர்ந்தால் கருநிழல் தரையை எட்டுகிறது, முழு கிரகணம். எட்டத்தில் இருக்கும்போது நேர்ந்தால் நிழலின் நுனி தரைக்கு வந்து சேருவதில்லை, வளைய கிரகணம். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் வட்டாரங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது இப்படித்தான். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி, ராமேஸ்வரம் வழியாகப் போனதும் வளைய கிரகணமே. அதன் உச்ச நேரம், இந்தியப் பெருங்கடலின் நடுவே, 11 நிமிடம் 8 வினாடி. 3000-ஆம் ஆண்டு வரை அதைவிட நீண்ட வளைய கிரகணம் கிடையாது.

முழு கிரகணம் இவ்வளவு தாராளமாக நீடிக்காது. கருநிழலின் நுனி தரையைத் தொடும் இடத்தில் அதன் அகலம் அதிகபட்சம் 270 கிலோமீட்டர் அளவுதான். சந்திரன் வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் போவதால் நிழலும் மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்ந்து ஓடுகிறது. பூமியும் அதே திசையில் சுழல்வதால் வேகம் கொஞ்சம் கழிந்துபோகிறது. கழிந்த பிறகும் மணிக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஓரிடத்தில் முழு இருள் எவ்வளவு நீண்டாலும் ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. 1973 ஜூன் 30 அன்று ஆப்பிரிக்காவின் மேலே ஒரு கான்கார்டு விமானம் நிழலுடன் சேர்ந்து பறந்து, அதில் இருந்த அறிவியலாளர்களுக்கு 74 நிமிட முழு கிரகணத்தைக் காட்டியது. தரையில் நிற்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு முழு கிரகணம் திரும்ப வரச் சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். எங்கள் ஊரில் முழு கிரகணம் பார்த்தேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பார்த்தது பகுதி கிரகணமாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: சந்திரனின் நிழலில் கருநிழல், புறநிழல் என்று இரண்டு பகுதி. நாம் எந்தப் பகுதியில் நிற்கிறோம், கருநிழலின் நுனி தரையை எட்டுகிறதா என்ற இரண்டையும் பொறுத்தே கிரகணத்தின் வகை அமைகிறது.

## அமாவாசைதோறும் ஏன் வருவதில்லை?

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வருவது அமாவாசையன்று. அது மாதம் ஒருமுறை வருகிறது. அப்படியானால் மாதம் ஒரு கிரகணம் வர வேண்டும் அல்லவா?

வராததற்குக் காரணம் ஒரு சாய்வு. வானத்தில் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரு குறிப்பிட்ட பாதையில் நகர்வதாக நமக்குத் தெரிகிறது. சந்திரனின் பாதை அதற்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஐந்து டிகிரி பார்க்கச் சிறியதுதான். ஆனால் சூரியனின் அகலமே அரை டிகிரி என்பதை நினைவில் வையுங்கள். சூரியனுக்கு மேலேயோ கீழேயோ பத்துச் சூரியன்களை அடுக்கும் அளவு இடைவெளி விட்டுக்கூடச் சந்திரன் கடந்துபோக முடியும். பெரும்பாலான அமாவாசைகளில் நடப்பது அதுதான். நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ வெற்று வெளியில் போய்விடுகிறது.

சாய்ந்த இரண்டு பாதைகள் இரண்டே இடத்தில்தான் வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுப்புள்ளிக்குக் கணு என்று பெயர். சந்திரன் சூரியனின் பாதையைத் தாண்டி வடக்கே ஏறும் இடம் ஏறுகணு. தெற்கே இறங்கும் இடம் இறங்குகணு. அமாவாசை நேரத்தில் சூரியன் ஏதாவது ஒரு கணுவுக்கு அருகில் இருந்தால் கிரகணம். இல்லையென்றால் வெறும் அமாவாசை.

சூரியன் ஒரு கணுவை நெருங்கிக் கடந்து விலக ஏறத்தாழ 34 நாள் ஆகும். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடையே இருப்பது 29 அரை நாள். ஆகவே அந்த 34 நாளுக்குள் ஓர் அமாவாசையாவது கட்டாயம் விழும். கணு இரண்டு என்பதால் எந்த ஆண்டானாலும் குறைந்தது இரண்டு சூரிய கிரகணம் உண்டு. நாள்கள் இசைந்து வந்தால் ஐந்து வரை போகலாம். 1935-இல் அப்படி ஐந்து வந்தது. கிரகணமே அபூர்வம் என்று நினைப்பது தவறு. நாம் நிற்கும் இடத்தில் நிழல் விழுவதுதான் அபூர்வம்.

## ராகுவும் கேதுவும் எங்கே இருக்கிறார்கள்

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். புராணக் கதை எல்லாருக்கும் தெரியும். பாற்கடலில் கிடைத்த அமுதத்தை ஓர் அசுரன் வேடமிட்டு வந்து குடிக்கிறான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்கிறார்கள். திருமால் அவனை வெட்டுகிறார். அமுதம் உள்ளே போய்விட்டதால் சாவில்லை. தலை ராகுவாகவும் உடல் கேதுவாகவும் ஆகின்றன. காட்டிக்கொடுத்தவர்களை அவ்வப்போது விழுங்கிப் பழிதீர்த்துக்கொள்கிறார்கள். நிலவைப் பாம்பு விழுங்குவதாகச் சங்கப் பாடல்களிலேயே உவமை வருகிறது. அவ்வளவு பழைய கற்பனை.

இப்போது ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து ராகு கேதுவுக்கு என்ன கணக்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இருவரும் எப்போதும் ஒருவருக்கொருவர் நேர் எதிரே, 180 டிகிரி தள்ளியே இருப்பார்கள். மற்றக் கிரகங்கள் செல்லும் திசைக்கு எதிராகப் பின்னோக்கியே நகர்வார்கள். ஒரு ராசியைக் கடக்க ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

வானியலில் கணுக்களுக்கு உள்ள இலக்கணமும் இதுவே. இரண்டு கணுக்களும் நேர் எதிரெதிரே இருக்கும். சூரியனின் ஈர்ப்பு இழுப்பதால் சந்திரனின் பாதை மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது; அதனால் கணுக்கள் பின்னோக்கி நகர்கின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு 18.6 ஆண்டு. அதைப் பன்னிரண்டு ராசிகளால் வகுத்தால் ராசிக்கு ஒன்றரை ஆண்டும் சில நாள்களும் வரும். கணு என்பது இரண்டு கோடுகள் வெட்டும் இடம் மட்டுமே, அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஏறுகணுதான் ராகு, இறங்குகணுதான் கேது. ராகு-கேது பெயர்ச்சி என்று கோவில்களில் விழா எடுக்கும் நாள், இந்தக் கணுக்கள் ஒரு ராசியிலிருந்து இன்னொரு ராசிக்கு நகர்வதாகக் கணித்த நாள். (தினமும் வரும் ராகு காலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பகற்பொழுதை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ஒதுக்கும் வேறு கணக்கு.)

ஆக, கணித்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கி.பி. 499-இல் எழுதிய ஆரியபட்டர், சூரியனை மறைப்பது சந்திரன் என்றும் சந்திரனை மறைப்பது பூமியின் பெரிய நிழல் என்றும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். ஏழாம் நூற்றாண்டில் எழுதிய பிரம்மகுப்தரோ ராகுவை மறுப்பவர்களைக் கண்டித்தார். ஆனால் கிரகணத்தைக் கணிக்கும் இடத்தில் நிழல் கணக்கைத்தான் போட்டார். பதினோராம் நூற்றாண்டில் இந்தியா பற்றி எழுதிய அல்-பிரூனி இந்த இரட்டை நிலையைக் கண்டுகொண்டு விமரிசித்திருக்கிறார். கதையும் கணக்கும் ஒன்றையொன்று துரத்திவிடாமல் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன.

1825-இல் புதுச்சேரியில் நடந்தது இதைவிடச் சுவையானது. பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் எதிரில் உட்கார்ந்து, தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களைப் பிரித்தெடுத்து, வரப்போகும் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். காகிதமும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரம் 4 நிமிட வித்தியாசத்தில் வந்தது. நடு நேரத்தில் 23 நிமிடம் பிசகியது. அவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, அபார நினைவாற்றல் இருந்தது என்று வாரன் குறித்து வைத்திருக்கிறார். வாக்கியப் பஞ்சாங்கம் என்று இன்றும் வழங்குவது இப்படி வாக்கியங்களில் எண்களைப் பொதிந்து வைத்த மரபின் தொடர்ச்சிதான். இஷ்டப்பட்டபோது விழுங்க வரும் அசுரனுக்கு நேரம் குறிக்க முடியாது. நேரம் குறித்தவர்களுக்கு அது தெரியும்.

பாபிலோனியர்கள் இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள். கிரகணங்களைத் தலைமுறை தலைமுறையாகக் களிமண் பலகைகளில் பதிந்துகொண்டே வந்ததில், 18 ஆண்டும் 11 நாளும் சுமார் 8 மணி நேரமும் கழித்து அதேபோன்ற கிரகணம் திரும்புவது தெரிந்தது. இதற்குச் சாரோஸ் சுழற்சி என்று பெயர். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் அடுத்த கிரகணம் வேறு நாடுகளில் தெரியும். 1973-இல் கான்கார்டு துரத்திய கிரகணத்தின் வாரிசுகள் 1991 ஜூலை 11 அன்று மெக்சிகோவிலும், 2009 ஜூலை 22 அன்று இந்தியாவிலும் சீனாவிலும் தெரிந்தன. அடுத்தது 2027 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயின், எகிப்து வழியாகப் போகும்.

## விழுங்கும் கதை எங்கும் இருப்பது ஏன்?

சீனாவில் டிராகன், வடதேசத்து நோர்ஸ் மக்களிடம் சூரியனைத் துரத்தும் ஸ்கோல் என்ற ஓநாய், வியட்நாமில் தேரை, நம்மிடம் பாம்பு. ஒருவரையொருவர் பார்த்திராத மக்கள்கூட விழுங்கும் கதையையே எப்படிச் சொன்னார்கள்?

அன்று வானத்தில் என்ன தெரியும் என்று யோசித்தால் ஆச்சரியம் குறைந்துவிடும். அமாவாசைச் சந்திரன் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஒளி விழும் பக்கம் சூரியனைப் பார்த்தபடி இருக்கிறது, இருண்ட பக்கம்தான் நம்மைப் பார்க்கிறது. அதுவும் சூரியனின் கூச்சத்துக்கு நடுவே. மறைக்க வரும் பொருள் தெரியாமல், சூரியனின் மேற்கு ஓரத்தில் கடித்த மாதிரி ஒரு பள்ளம் மட்டும் தோன்றிப் பெரிதாகிக்கொண்டே போகும். பார்க்கிறவர் வேறு என்ன நினைப்பார்? பறையடித்து, பாத்திரம் தட்டி, கூச்சல் போட்டால் விழுங்கியது உமிழ்ந்துவிடும் என்பதும் பல நாடுகளில் உண்டு. அது ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்பதால் நிலைத்துவிட்டது.

பயம் சில இடங்களில் நல்லதையும் செய்திருக்கிறது. கி.மு. 585-இல் லிடியர்களும் மீடியர்களும் போரிட்டுக்கொண்டிருந்தபோது பகல் இருண்டதால் ஆயுதத்தைக் கீழே வைத்துச் சமாதானம் ஆனார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆப்பிரிக்காவில் டோகோ, பெனின் நாடுகளில் வாழும் பட்டம்மாலிபா மக்கள் சூரியனும் சந்திரனும் சண்டையிடுவதே கிரகணம் என்பார்கள். அவற்றைச் சமாதானப்படுத்த மனிதர்கள் தங்களுக்குள் உள்ள பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் வழக்கம். அறிவியலாக இது தவறுதான், ஆனாலும் இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

## விஷக்கதிரும் நிற்கும் உலக்கையும்

பழைய கதைகளால் பெரிய கேடு இல்லை. அவற்றுக்கு அறிவியல் வேடம் கட்டும்போதுதான் சிக்கல். கிரகண நேரத்தில் வரும் சிறப்புக் கதிர்கள் என்ற பேச்சு அந்த வகை. சந்திரன் ஒரு கல்லுருண்டை. அது சூரிய ஒளியைத் தடுக்குமே தவிர, புதிதாக எதையும் சேர்க்காது. புற ஊதாக் கதிர் உட்பட எல்லாமே அன்று வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் நம்மேல் விழுகிறது. விஷக்கதிர் இருக்க வேண்டுமானால், கிரகணம் இல்லாத நாளில் அது இன்னும் அதிகமாகவே இருக்க வேண்டும்.

சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் வருவதால் ஈர்ப்பு கூடுகிறது, அதனால் உலக்கை தானாகவே செங்குத்தாக நிற்கிறது என்பது அடுத்தது. ஈர்ப்பு கூடுவது உண்மைதான். ஆனால் அமாவாசைதோறும் இதே அளவு கூடுகிறது. கடல் ஓதம் அன்று பெரிதாக வருவதே அதனால்தான். ஐந்து டிகிரி விலகல் ஈர்ப்பின் கணக்கில் ஒரு சதவீதம்கூட மாற்றம் தராது. உலக்கை நிற்பதற்குக் காரணம் அதன் அடி தட்டையாக இருப்பது. கிரகணமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் நிறுத்திப் பாருங்கள், நிற்கும். மற்ற நாள்களில் யாரும் முயன்று பார்ப்பதில்லை என்பதுதான் இந்த அதிசயத்தின் ரகசியம்.

சமைத்த உணவு கெட்டுவிடும் என்பதற்கும் அடிப்படை இல்லை. உணவைக் கெடுப்பவை நுண்ணுயிரிகள். அவை வெப்பத்தையும் நேரத்தையும் பொறுத்துப் பெருகும். இரண்டு மூன்று மணி நேரம் வெளிச்சம் குறைவது மேகமூட்டமான ஒரு பிற்பகலைவிட எந்த வகையிலும் வேறானதில்லை. விரும்பி நோன்பிருப்பவரைத் தடுப்பது அறிவியலின் வேலை இல்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவரையும் கர்ப்பிணியையும் பல மணி நேரம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார வைப்பதில் உண்மையான தீங்கு இருக்கிறது.

கர்ப்பிணிகளைப் பற்றிய அச்சம் நம் ஊர்களில் மட்டும் உள்ளதன்று. மெக்சிகோவின் அஸ்டெக் மக்களிடமும் கிரகணத்தால் குழந்தைக்கு உதட்டுப்பிளவு வரும் என்ற நம்பிக்கை இருந்தது. அதைத் தடுக்க எரிமலைக் கண்ணாடிக் கத்தியை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வார்களாம். கருவில் மேலுதடு ஒன்றுசேர்வது நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். அது சரியாகச் சேராமல் போவதுதான் உதட்டுப்பிளவு. மரபணுக்களும், அந்தக் காலத்தில் தாயின் உடல்நிலையும் அதற்குக் காரணமாகலாம். வயிறு தெரியத் தொடங்கி ஊரார் எச்சரிக்கும் மாதங்களில், உதடு உருவாகி முடிந்து வெகு நாள் ஆகியிருக்கும்.

## கண்ணுக்கு மட்டும் ஆபத்து உண்மை

அப்படியானால் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது ஏன்? சூரியனை என்றைக்குமே பார்க்கக் கூடாது என்பதால். சாதாரண நாளில் கூச்சம் தாங்காமல் ஒரு நொடிக்குள் கண்ணைத் திருப்பிக்கொள்கிறோம். கிரகணத்தன்று பார்க்க வேண்டும் என்ற ஆவல் இருக்கிறது, மறைந்த பங்கு கூச்சத்தைக் குறைத்தும் விடுகிறது. அதனால் உற்றுப் பார்க்கிறோம். ஆனால் மிச்சம் தெரியும் பிறையின் ஒவ்வொரு புள்ளியும் பழைய பிரகாசத்தோடுதான் எரிகிறது.

கண்ணின் வில்லை அந்தப் பிறையை விழித்திரையில் குவிக்கிறது. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் படலம். அதில் வலியை உணரும் நரம்பு இல்லை. எனவே சேதமாகும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து அல்லது மறுநாள் காலையில், பார்வையின் நடுவில் ஒரு மங்கல் தெரியும். சிலருக்கு அது நாளடைவில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும்.

பாதுகாப்பாகப் பார்க்க ஐஎஸ்ஓ 12312-2 தரக்குறி உள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும், அல்லது 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வேண்டும். குளிர்கண்ணாடி, எக்ஸ்ரே படலம், புகை படிந்த கண்ணாடி, தண்ணீரில் தெரியும் பிம்பம் எதுவும் போதாது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பதும் கூடாது. குவிந்த ஒளி வடிகட்டியையே எரித்துவிடும். வடிகட்டியை பைனாகுலரின் முன்பக்கத்தில் பொருத்த வேண்டும். எதுவுமே கையில் இல்லையென்றால் ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே விழும் ஒளியை வெள்ளைத் தாளில் பாருங்கள். சின்னச் சூரியப் பிறை விழும். மரத்தடியில் இலை இடுக்குகள் இதே வேலையைச் செய்து தரை முழுவதும் நூற்றுக்கணக்கான பிறைகளைப் போட்டுவிடும்.

ஒரே விதிவிலக்கு முழு கிரகணத்தின் அந்தச் சில நிமிடங்கள். சூரியன் முற்றிலும் மறைந்ததும் அதைச் சுற்றி முத்து நிறத்தில் கரோனா தெரியும். சூரியனின் வெளி வளிமண்டலமான இது எந்நேரமும் அங்கேதான் இருக்கிறது. சூரிய வட்டத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கலானது என்பதால் மற்ற நாள்களில் தெரிவதில்லை. முழுநிலவின் ஒளியளவே இருப்பதால் அதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். 99 சதவீதம் மறைந்தால் போதுமே என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய ஒரு சதவீதம் சில ஆயிரம் முழுநிலவுகளின் ஒளிக்குச் சமம். வளைய கிரகணத்தில் இந்த விதிவிலக்கு ஒரு வினாடிக்குக்கூட இல்லை.

சுருக்கமாக: கிரகணத்தன்று உடலுக்கோ உணவுக்கோ கருவுக்கோ தனி ஆபத்து எதுவும் கிடையாது. கண்ணுக்கு உண்டு. அது எல்லா நாளும் உள்ள ஆபத்து, அன்று ஆசையால் கூடுகிறது.

## நிழலில் கிடைத்தவை

1868 ஆகஸ்ட் 18 அன்று முழு கிரகணத்தின் கருநிழல் இந்தியாவைக் கடந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது பிரகாசமான கோடுகள் தெரிந்தன. அவற்றில் மஞ்சள் கோடு ஒன்று, பூமியில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியரும் அந்தக் கோட்டைக் கண்டு, அது ஒரு புதிய தனிமம் என்று துணிந்தார். அதுதான் ஹீலியம். வேதியியலாளர் ராம்சே அதைப் பூமியில் ஒரு கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தது 1895-இல். அதாவது சூரியனில் கண்டுபிடித்து 27 ஆண்டு கழித்து. 1919 மே 29 கிரகணத்தில், சூரியனுக்குப் பக்கத்தில் தெரிந்த விண்மீன்களைப் படமெடுத்து, ஈர்ப்பு ஒளியை வளைக்கிறது என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சரிபார்த்தார்கள். சூரியன் மறைந்தால்தான் பகலில் விண்மீன் தெரியும். அதற்குக் கிரகணத்தை விட்டால் அன்று வேறு வழி இல்லை.

2031 மே 21 அன்று வளைய கிரகணத்தின் பாதை கேரளம், தென் தமிழகம் வழியாகப் போகிறது. முழு கிரகணம்தான் வேண்டும் என்றால் 2034 மார்ச் 20 வரை காத்திருந்து காஷ்மீர், லடாக் பக்கம் போக வேண்டும். மார்ச் மாத மலைப்பகுதி என்பதால் மேகம் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2031-க்கு அந்தப் பாதைக்குள் இருக்கும் ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள், தரக்குறியுள்ள கண்ணாடி ஒன்றை முன்கூட்டியே வாங்கி, கீறல் விழாமல் உறையில் போட்டு வையுங்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம்.